மை அடித்த தாள்

வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் மற்றவர்கள் பதவி உயர்வுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். இவள் கழுத்தில் புது அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேப்ளர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் பரீட்சை எழுதினாள், தேறினாள். குற்ற வழக்குகளை நடத்தும் அரசு வக்கீல்களின் அலுவலகத்தில், நாலாவது மாடியில், கடைநிலை உதவியாளர் என்று ஒரு மேசை கிடைத்தது. மேலதிகாரிக்கு வயது இருபத்தாறு. அந்தப் பெண்ணை இவள் ‘மேடம்’ என்றாள், அவள் இவளை ‘அக்கா’ என்றாள். முதலில் இரண்டு பேருக்கும் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

கோர்ட்டில் எழுந்து நின்று வாதாடுகிறவரை எல்லோருக்கும் தெரியும். அவர் கையிலிருக்கும் காகிதக் கட்டு எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. வாக்குமூலங்களைத் தேதிவாரியாக அடுக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண் போட வேண்டும். போட்டு முடித்ததும் ‘நடுவுல ஒரு தாள் விட்டுப்போச்சு’ என்று போலீஸ்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே நீட்டுவார், முதலிலிருந்து மறுபடியும் போட வேண்டும். சாட்சிகளுக்குப் போன் செய்து நாளைக்குக் கண்டிப்பாக வாருங்கள் என்று கெஞ்ச வேண்டும். வேலையை விட்டுவிட்டு வந்தவர்களிடம் இன்றைக்கு இல்லை, வாய்தா என்று சொல்லி, நீதிபதிக்குப் போய்ச் சேர வேண்டிய வசவையும் தானே வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. பிடித்ததோடு நின்றிருந்தால் தேவலை. கெட்டிக்காரி என்று பேரும் வேண்டியிருந்தது. சேர்ந்த இரண்டாவது மாதம், முப்பதைத் தொடாத ஒரு அரசு வக்கீல் ஒரு கட்டு வேண்டும் என்று வந்து நின்றார். அது எண் போட்டு, நூல் கட்டி, மேசையில் தயாராக இருந்தது. “நீங்க மின்னல்க்கா” என்று சொல்லி எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றிலிருந்து மாடி முழுக்க அவள் மின்னலக்கா. வீட்டுக்குப் போய்க் கணவனிடம் சொன்னாள். “மின்னல்னா பின்னாடியே இடி வரும், பாத்துக்கோ” என்றான் அவன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது வருஷமாக அந்த வீட்டில் ஒரு ஆளும் அவளுக்குப் பட்டம் வைத்துப் பாராட்டியதில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொடுக்கும் நகல்களில் சாட்சி எங்கே குடியிருக்கிறார் என்று தெரியக் கூடாது. முகவரி வருகிற இடத்தையெல்லாம் கறுப்பு மார்க்கரால் அடிக்க வேண்டும். அடித்தால் மட்டும் போதாது. எத்தனை தடவை பூசினாலும், தாளை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் மைக்குள்ளே அச்செழுத்து தெரியும். ஆகவே மை அடித்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த இரண்டாவது நகலைத்தான் கட்டில் சேர்க்க வேண்டும். இளம் மேலதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“மை அடிச்ச தாள் இந்த ரூமை விட்டு வெளிய போகவே கூடாதுக்கா. மறந்துடாதீங்க.”

“இது மறக்கற விஷயமா மேடம்?” என்றாள் இவள்.

மறக்கவும் இல்லை. மறந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

வாகனம் நிறுத்தும் இடத்துக் காவலாளியை இரண்டு பேர் இரும்புக் கம்பியால் அடித்த வழக்கு அது. வண்டியை வழியில் நிறுத்தாதீர்கள் என்று சொன்னதுதான் அந்த மனிதன் செய்த குற்றம். அவனுடைய வலது கை விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரண்டு பேர் என்பதால் கட்டும் இரண்டு. மூன்று மணிக்கு இளம் அரசு வக்கீல் போன் செய்தார்.

“ரெண்டு செட்டும் முடிஞ்சுதா மின்னலக்கா? மொதல் ஆளோட வக்கீல் ஆபீஸ்லேருந்து நாலு மணிக்கு வாங்க வர்றாங்க.”

“முடிஞ்சுது சார்.”

முடியவில்லை. மை அடித்தாயிற்று, மறு நகல் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துவிடலாம் என்று மெஷினிடம் போனால், அது வாயைத் திறந்தபடி கிடந்தது. மெக்கானிக் உள்ளேயிருந்து கசங்கிய தாளைத் துண்டு துண்டாக உருவிக்கொண்டிருந்தான். மூன்றாவது மாடியில் இன்னொரு மெஷின் உண்டு. அங்கே ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். அரைமணி ஆகும். வாங்க வந்தவனை அரைமணி உட்கார வைத்திருந்தால் உலகம் ஒன்றும் முழுகிப்போயிருக்காது. ஆனால் முடிந்தது என்று சொல்லியாகிவிட்டதே. திரும்பி வந்து தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். மேசையில் வைத்துப் பார்த்தால் கறுப்புக் கட்டம் கறுப்புக் கட்டமாகத்தான் இருந்தது. ஜன்னல் இரண்டடி தூரத்தில் இருந்தது. தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால்தான் பார்க்கவில்லை. அப்படியே இரண்டு கட்டிலும் சேர்த்து நூல் கட்டினாள்.

ஒரு கட்டை நாலு மணிக்கு வந்தவன் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனான். இரண்டாவது ஆள் அந்த வாரமே குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அவனுடைய கட்டை வாங்க யாரும் வரவில்லை, அது இவளுடைய பீரோவில் கிடந்தது. பத்து நாள் போன் அடிக்கும்போதெல்லாம் அதுவாக இருக்குமோ என்றுதான் எடுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு நிஜமாகவே மறந்துபோனாள்.

ஐந்து மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. முக்கியமான சாட்சி ஒரு சலவைக் கடைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். அவர் கடை வாசலில்தான் அடி விழுந்தது. கோர்ட்டில் கூப்பிடும் வரை சாட்சியைத் தனியாக விடக்கூடாது, யாராவது வந்து பேசிக் கலைத்துவிடுவார்கள். கூட உட்கார்ந்திருப்பது உதவியாளர் வேலை. கோர்ட்டும் அலுவலகமும் ஒரே கட்டடம். தரைத் தளத்தில் ஒரு சின்ன அறை. ஒரு பெஞ்சு, ஒரு தண்ணீர் கேன், எப்போதோ நின்றுபோன ஒரு கடிகாரம். இரண்டு பேரும் காலையிலிருந்து அதில் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் பேசத் தெரிந்த மனிதர். அவளுடைய சேலையைப் பார்த்துவிட்டு, “இதுக்கு சூடு கம்மியா வைக்கணும் தங்கச்சி, பார்டர் சுருங்க ஆரம்பிச்சிருச்சு” என்றார். போனில் பேசிய முதல் நாளிலிருந்து தங்கச்சிதான். எனக்குக் கூடப்பிறந்தது ஒரே ஒரு தம்பி, தங்கச்சி கிடையாது, அதனால உங்களை அப்படித்தான் கூப்பிடுவேன், கோவிச்சுக்காதீங்க என்று சொல்லியிருந்தார். அவளும் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள்.

“பயமா இருக்காண்ணே?” என்று கேட்டாள்.

“பயந்ததெல்லாம் பயந்து முடிச்சாச்சு. ரெண்டு வீடு மாறிட்டேன் தங்கச்சி.”

“ரெண்டா? ஒண்ணுதானே எங்ககிட்ட இருக்கு?”

அவர் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். முதல் வீட்டை மாற்றியது போலீஸ் சொல்லித்தான். புது வீடு மூன்றாவது மாடி. அந்த விலாசம் போலீஸுக்குத் தெரியும், அரசு வக்கீல் ஆபீசுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், வேறு ஈ காக்காய்க்குத் தெரியாது. குடிபோய் இரண்டு மாதம் நிம்மதியாகப் போயிற்று. அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் எதிர்ப்பக்கம் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். சும்மா நின்றார்கள். மறுநாளும் நின்றார்கள். ஐந்தாம் நாள், படித்துவிட்டு வந்த அவர் மகளை நிறுத்தி, ‘அப்பா சௌக்கியமா? மூணு மாடி ஏறி எறங்க அவருக்கு மூட்டு வலிக்கலையா?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

“அவ்வளவுதான். கையக்கூட நீட்டல. பொண்ணு மேல வந்து கதவைச் சாத்தினவதான், ரெண்டு வாரம் வெளிய போகல. பரீட்சை போச்சு. வேற வீடு பாத்துட்டேன், எங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல, தப்பா நெனைக்காதீங்க.”

“போலீஸ்ல சொல்லியிருக்கலாமே அண்ணே.”

“சொன்னா யாருகிட்டேருந்து வெளிய போச்சுன்னு கேப்பாங்கல்ல? எந்தம்பியத்தான் மொதல்ல இழுத்துட்டுப் போவாங்க.” கைக்குட்டையை எடுத்துத் தொடைமேல் வைத்து நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “அவன் பஸ் ஓட்டறவன். ஓட்டை வாய். டிப்போல நாலு பேர் சேந்தா எதையாவது உளறாம இருக்க மாட்டான். கேட்டேன். இல்லவே இல்லன்னு அவன் புள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணான். அதுக்கும் மேல நான் ஒரு வார்த்தை சொன்னேன், அதை உங்ககிட்ட சொல்ல முடியாது. அவனைத் தலைமுழுகிட்டேன். மூணு மாசமாச்சு. என் பொண்ணைத் தூக்கி வளத்தவன் தங்கச்சி அவன்.”

மூன்றாவது மாடி என்ற சொல் அவள் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, “உங்களைப் போட்டு அழுத்தறேன் பாருங்க, பாவம்” என்றார்.

அன்றைக்கு அவருடைய முறை வரவில்லை. நாளைக் காலை பத்தரை என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் நாலாவது மாடிக்குப் படியேறிப் போனாள், லிஃப்டுக்குக் காத்திருக்கக் கால் தரிக்கவில்லை. பீரோவைத் திறந்து, யாரும் வாங்காத அந்தக் கட்டை எடுத்தாள். ஒருவேளை மறு நகல் எடுத்தேனோ, எடுத்துவிட்டு மறந்துபோனேனோ என்று படியேறுகிற வழியெல்லாம் தனக்குத் தானே ஆசை காட்டிக்கொண்டு வந்திருந்தாள். பதினேழாம் பக்கத்தை உருவி, ஜன்னலில் பிடித்தாள்.

கதவு எண் தெரிந்தது. தெருப் பெயர் தெரிந்தது. மூன்றாவது மாடி, இடது பக்கம் என்பதுகூடத் தெரிந்தது. அவளே கண்ணும் கருத்துமாக, ஓரம் பிசகாமல் அடித்த கட்டத்துக்குள் அத்தனையும் பத்திரமாக இருந்தது.

தாள் அரைக்கும் மெஷின் பக்கத்திலேயே இருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாளை அதன் வாய்வரை கொண்டுபோனாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்குப் பரிந்து பேசியதாகும். கொண்டுபோனாள். அறையில் ஒருவரும் இல்லை. இந்த ஒரு தாள் போய்விட்டால், எதிராளி வக்கீல் தானாக முன்வந்து சொன்னால் ஒழிய, யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்போது வராந்தாவில் இளம் மேலதிகாரியின் செருப்புச் சத்தம் கேட்டது. தாளைக் கட்டுக்குள் செருகி பீரோவைப் பூட்டினாள். மனசாட்சி தடுத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். செருப்புச் சத்தம்தான் தடுத்தது.

வீட்டில் மகள் வருவதற்குப் பத்து நிமிஷம் தாமதமாயிற்று. வந்ததும் வராததுமாக, “வழியில யாராவது நிறுத்திப் பேசினாங்களா?” என்று இவள் கேட்டாள்.

“என்னை யாரும்மா நிறுத்திப் பேசப்போறாங்க?” என்று சிரித்துவிட்டு மகள் உள்ளே போனாள். கணவன் தலையைத் தூக்கிப் பார்த்து, “என்ன மின்னல், இன்னைக்கு மங்கலா இருக்கு?” என்றான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே என்று எரிந்து விழுந்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலை சாட்சி சொல்லி முடிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள். இப்போது சொன்னால் மனிதர் கலங்கிப்போய்க் கூண்டில் தடுமாறுவார், அடிபட்ட காவலாளிக்கு நியாயம் கிடைக்காமல் போகும். காரணம் நியாயமானதுதான். அவளுடைய பயத்துக்கும் அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

கோர்ட்டில் பின்வரிசையில் டிரைவர் சட்டையோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். மூக்கும் நெற்றியும் அப்படியே சலவைக் கடைக்காரருடையது. அண்ணன் கூண்டில் ஏறும்போது எழுந்து நின்றான். கோர்ட் சேவகர் முறைத்ததும் உட்கார்ந்தான். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் அசையவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இருட்டிவிட்டதே, அடித்தவன் யார் என்று எப்படித் தெரியும் என்று மடக்கினார். “சட்டையை வெச்சு தெரியும்ங்கய்யா. காலையில நான்தான் அதுக்கு இஸ்திரி போட்டேன். சாயங்காலம் அதுல ரத்தம். நான் மடிச்ச சட்டை எனக்குத் தெரியாதா?” என்றார். அந்த வக்கீல் கையிலிருந்த தாளைப் புரட்டி வேறு கேள்விக்குப் போனார். அரசு வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவள் அந்தத் தாளைப் பார்க்காமல் இருக்கக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் இளம் அரசு வக்கீல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இவங்க கூட உக்காந்து தைரியம் சொன்னதாலதான் இவ்வளவு தெளிவா பேசினீங்க. மின்னலக்காவுக்குத்தான் நன்றி சொல்லணும்” என்றார். அவர் கை கூப்பினார். அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை போலிருந்தது. வக்கீல் அடுத்த வழக்குக்கு ஓடினார். வராந்தா வெறிச்சென்றது. படிக்கட்டின் அடியில் தம்பி நின்றுகொண்டிருந்தான், மேலே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல்.

“அண்ணே, உங்க தம்பி எதுவும் சொல்லல. விலாசம் எங்க ஆபீஸ்லேருந்து போச்சு. நான்தான் விட்டேன்.”

அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“தெரியும் தங்கச்சி, நீங்க இப்படி ஏதாவது பண்ணுவீங்கன்னு. நேத்து உங்க மொகத்தைப் பாத்தேனே. எங்களைச் சேத்து வைக்கறதுக்காகப் பழியை நீங்க தலையில போட்டுக்கறீங்க. கூடப்பிறந்தவகூட இவ்வளவு செய்ய மாட்டா.”

“இல்லண்ணே, நெஜமாத்தான் சொல்றேன்.”

“விடுங்க. அவன் பண்ணதுக்கு நீங்க ஏன் மெனக்கெடறீங்க?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இத்தனை மாதமாகப் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பேர் இப்போது வழியை மறித்துக்கொண்டு நின்றது. ஒரு அஞ்சு நிமிஷம் இருங்கண்ணே, போயிடாதீங்க என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள்.

பீரோவிலிருந்து தாளை வெளியே எடுத்துப் போக வேண்டுமானால் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேடு இளம் மேலதிகாரியின் மேசையில் இருந்தது. தேதி, வழக்கு எண், பக்க எண், எடுப்பவர், காரணம். முதல் நாலும் எழுதுவது சுலபம். ‘காரணம்’ என்ற கட்டத்தில் எழுதினாள்: மை அடித்தபின் மறு நகல் எடுக்காமல் என்னால் கொடுக்கப்பட்டது. சாட்சியின் விலாசம் தெரிந்துவிட்டது. அவரிடம் காட்ட.

மேலதிகாரி தலைகீழாகவே அதைப் படித்தாள். நிறம் மாறிப்போனாள்.

“அக்கா, இது எழுதினா அழிக்க முடியாது.”

“தெரியும் மேடம்.”

“உங்களுக்கு இன்னும் வேலை நிரந்தரம்கூட ஆகல.”

“ஆமா மேடம்.”

“அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா?” என்று கேட்டாள் மேலதிகாரி. இருபத்தாறு வயதுப் பெண் முன்னால் இவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். “போய்க் காட்டிட்டு வாங்க. அதுக்கப்புறம் சாரைக் கூப்பிடறேன், அவர்கிட்டயும் நீங்களே சொல்லணும்” என்று அவள் பதிவேட்டை மூடினாள்.

சலவைக் கடைக்காரர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வராந்தா ஜன்னலில் வெயில் நேராக அடித்தது. அவள் தாளை அவர் கையில் கொடுத்து, “வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்கண்ணே” என்றாள். அவர் முதலில் விளையாட்டாகத்தான் பிடித்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கதவு எண்ணை வாய்விட்டுப் படித்தார். தெருவைப் படித்தார். “மூணாவது மாடி” என்றார். “இடது பக்கம்” என்றார்.

தாளைத் தாழ்த்தி, மடித்தார். ஓரத்தோடு ஓரம் பொருத்தி, கட்டை விரலால் மடிப்பை அழுத்தித் தேய்த்து, சட்டை மடிக்கிற மாதிரியே மடித்தார். அதை அவளிடம் நீட்டினார்.

“அன்னைக்கு என்ன அவசரம்?” என்று கேட்டார்.

எத்தனையோ பதில் இருந்தது. மெஷின் கெட்டுப்போச்சு, வரிசை நீளம், வேலை அதிகம். எல்லாம் உண்மைதான்.

“அவசரம் ஒண்ணும் இல்லண்ணே. முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வெக்கமா இருந்துது.”

“வெக்கமா இருந்துதா” என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அதில் கோபம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அந்தச் சொல்லைக் கையில் வைத்து எடை போட்டுப் பார்க்கிறவர் போல இருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

“சரிங்க மேடம். நான் வர்றேன்.”

அவர் படியிறங்கினார். அவள் ஜன்னலோரம் நின்று பார்த்தாள். தம்பி இரண்டடி பின்வாங்கினான். அண்ணன் அவன் முன்னால் போய் நின்றார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை, பேசினாரா என்றே தெரியவில்லை. தம்பியின் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது. அவர் இரண்டு கையாலும் அதை நிமிர்த்தி, நீவி, தோளில் ஒட்டியிருந்த எதையோ தட்டிவிட்டார். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தான். இரண்டு பேரும் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று அவள் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் வேகமான காலடி கேட்டது. இளம் அரசு வக்கீல் அடுத்த வழக்கின் தாள்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

“மின்னலக்கா, மேடம் கூப்பிட்டாங்க, ஏதோ சொல்லணுமாமே? நாளைக்குக் கொடுக்க வேண்டிய செட்டு முடிஞ்சுதா?”

“முடியல சார்” என்றாள். கையிலிருந்த மடித்த தாளைப் பிரித்து அவரிடம் நீட்டினாள். “இதை ஜன்னல்ல புடிச்சுப் பாருங்க.”